ஆவணியில் வாங்கவிருந்த இரண்டு டிஸ்க்குகள்

வீட்டில் ஒரு சேர்வர் வைத்திருப்பவர் அதைப் பெரிதாக்கவேண்டும் என்று வந்தால் எப்படித் திட்டம் போடுவது, கையில் இருக்கிற காசை எதில் முதலில் போடுவது என்று கணினி திருத்தப் படிக்கிற நீங்கள் கேட்டிருந்தீர்கள். எந்த டிஸ்க் நல்லது, எந்தப் பெட்டிக்குள் எத்தனை போடலாம் என்பதெல்லாம் நான் வேலையை விட்ட பிறகு மாறிவிட்டன. அவற்றை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தரவேண்டும். நான் ஒரேயொரு திட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாலு பேர் இருந்து, நன்றாக யோசித்துப் போட்ட திட்டம் அது. கேட்டு முடிந்தபிறகு இந்த வேலையில் உங்களுக்கு மனம் தளர்ந்தால் என்னிடம் ஆறுதல் கேட்டு வராதீர்கள். என்னிடம் அது இல்லை.

சமாதான காலத்தில் வன்னிக்குப் போகும் பாதை திறந்ததும் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வந்து கணினி திருத்துவது என் தொழிலாக இருந்தது. அங்கே யோகன் என்று ஒருவர் ஸ்ரூடியோ வைத்திருந்தார். கடை சந்தைக்குப் பக்கத்தில்; படங்களைத் திருத்துவதும் வீடியோ வெட்டி ஒட்டுவதும் வீட்டில். அந்த வேலையைச் செய்தது அவருடைய மனைவி மலர். மலரின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். மலர் கணினியைத் தொட்டது கலியாணத்துக்குப் பிறகுதான். ஆனால் யார் முகம் எந்த வருடம் எங்கே எடுத்தது என்று கேட்டால் கணினி தேடி முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்.

யோகன் வீட்டு முன்னறையில் ஒரு மேசைக்குக் கீழே அந்தக் கணினி இருந்தது. பெயர்தான் சேர்வர், பழைய பெட்டி, அதற்குள் ஒரு டிஸ்க். ஆனால் வன்னி முழுக்க அதன் பெயர் தெரியும். அங்குள்ள சனம் எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தவர்கள். பழைய அல்பம் என்று ஒன்று அநேகம் பேரிடம் இல்லை. பாதை திறந்தபிறகு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், நிறுத்தி வைத்திருந்த கலியாணங்கள் எல்லாம் நடந்தன, எல்லோரும் படம் எடுத்தார்கள். பிரதி தொலைந்தாலும் கறையான் தின்றாலும் யாரும் கவலைப்படவில்லை. "யோகனிட்ட இருக்கும்" என்பார்கள். மல்லாவியிலிருந்தும் வற்றாப்பளையிலிருந்தும் பஸ் ஏறி வந்து கேட்பார்கள். மலர் எடுத்துக் கொடுப்பார்.

சண்டை மீண்டும் வரப்போகிறது என்று ஊர் குசுகுசுத்துக்கொண்டிருந்த வருடம், அந்த டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியது. டிக், டிக் என்று நகம் கடிப்பது போன்ற சத்தம். கொள்ளளவும் நிரம்பிவிட்டது. என்னை வரச்சொன்னார்கள். அன்று என்னோடு ரஹீம் நானாவும் வந்தார். வவுனியாவில் கணினிச் சாமான் விற்கிறவர். சொந்த இடம் முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்று. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை அங்கிருந்து போகச்சொன்னபோது குடும்பத்தோடு போனவர். பாதை திறந்தபிறகு இடைக்கிடை காணி பார்க்கப் போய்வருவார். போகிற வழியில் யோகன் வீட்டில் இறங்கினோம்.

மலர் தேத்தண்ணி கொண்டுவந்தார். மகள் வெறிச்சோடிக் கிடந்த முற்றத்தில் சைக்கிள் ரயர் உருட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் நாலு பேரும் இருந்து திட்டம் போட்டோம்.

தேவை என்னவென்று எல்லோருக்கும் தெளிவாக இருந்தது. நாலு புதிய டிஸ்க். இரண்டு, வேலை செய்ய. இரண்டு, அதே படங்களின் பிரதியாக வேறொரு இடத்தில் இருக்க. ஜெனரேற்றர் கரண்டில் ஓடுகிற வீடு என்பதால் நல்ல யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். இவ்வளவுக்கும் காசு அப்போது இல்லை. கையில் இருந்தது யூபிஎஸ்ஸும் இரண்டு டிஸ்க்கும் வாங்கத்தான் காணும். மிச்சத்துக்கு ஆனி முகூர்த்தங்கள் முடிந்து, ஆடி கழிந்து, ஆவணிக் கலியாணக் காசு வரவேண்டும்.

இரண்டு டிஸ்க்கை வைத்து என்ன செய்வது என்பதில்தான் பேச்சு நீண்டது. ஒரு டிஸ்க்கில் இருப்பதே மற்றதிலும் இருக்கட்டும் என்றேன் நான். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும்.

யோகன் தலையை ஆட்டினார். "அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி. ஆனா அப்பிடிச் செய்தா எனக்கு ஒரு டிஸ்க்கின்ர இடம்தானே வரும். ஆனி மாசம் மட்டும் எத்தினை கலியாண வீடியோ ஒப்புக்கொண்டிருக்கிறன். ஆடிக்கு முதலே நிரம்பியிடும். பிறகு எதை அழிக்கச் சொல்லுறியள்?"

இன்னொரு வழி இருந்தது. இரண்டையும் ஒன்றாக இணைத்தால் முழு இடமும் கிடைக்கும், வீடியோ வேலைக்கு வேகமும் கூடும். ஒவ்வொரு படத்தையும் சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டு இதில், அடுத்த துண்டு அதில் என்று மாறிமாறி எழுதும் முறை. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் படம். ஒன்று போனால் மற்றதில் இருப்பது கிழித்த கடதாசி.

அதை அப்படியே சொன்னேன். யோகனுக்கும் விளங்கியது, மலருக்கும் விளங்கியது.

நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி யோகன், எனக்கு உங்கட மெசின் விசயம் முழுக்க விளங்காது. நான் விக்கிறவன். ஆனா நாங்க தண்ணீரூற்றை விட்டு வரேக்க உம்மாட கலியாணப் படம் சுவரில இருந்தது. ஒருத்தரும் கழட்டேல்லை. திரும்பி வருவம் எண்டுதானே போனது. முதல்ல வெளியில ஒண்டு இருக்கட்டும். வேலை பிறகு பாக்கலாம்."

"வெளியில வைக்கிறதெண்டா ஆவணியில வைப்பம் நானா," என்றார் யோகன். "உங்கட கடையிலயே வைப்பம். இந்த ரெண்டு மாசம்தானே."

நானா மலரைப் பார்த்தார். மலர் கணினியைப் பார்த்தார். அது டிக் டிக் என்றது. "இது எத்தினை நாளைக்குத் தாங்கும் எண்டு ஆருக்குத் தெரியும், நானா," என்றார் மலர். "முதல்ல இதை மாத்துவம்."

அப்படியே முடிவெடுத்தோம். இரண்டு டிஸ்க் இப்போது, இணைத்து. இரண்டு ஆவணியில், பிரதிக்கு. அந்த முடிவு பிழை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அன்று எங்கள் முன்னால் இருந்தவற்றை வைத்து நீங்கள் யோசித்தாலும் அதற்குத்தான் வருவீர்கள். நாங்கள் டிஸ்க்குக்கு விலை போட்டோம், யூபிஎஸ்ஸுக்கு விலை போட்டோம், போக்குவரத்துக்குக்கூடக் காசு ஒதுக்கினோம். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இடையில் இருந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒருவரும் விலை போடவில்லை. நீங்கள் ஒரு திட்டத்தை இரண்டு தவணையாகப் பிரிக்கிற நேரத்தில் வாடிக்கையாளரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டாம் தவணை வரவே இல்லை என்றால் இந்த முதல் தவணையோடு வாழ்வீர்களா? நாங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யோகன் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. ஆனிக் கலியாணங்கள் காத்திருக்கவில்லை.

புதிய டிஸ்க்குகளைப் போட்டு, படங்களை மாற்றினோம். பழைய டிஸ்க் கடைசிப் படம் வரை கொடுத்துவிட்டு அடுத்த முறை எழும்பவில்லை. யோகன் அன்று சந்தோசப்பட்டார். வேகத்தைப் பார்த்து மலரும் சிரித்தார். ஆனி முழுக்க இருவரும் நித்திரையில்லாமல் வேலை செய்தார்கள். ஆடியிலேயே யோகன் காசு அனுப்பிவிட்டார், ஆவணி வரை பொறுக்கவில்லை. நானா கொழும்பிலிருந்து இரண்டு டிஸ்க்கும் எடுப்பித்தார். கடை அலுமாரியில் வைத்தார். அடுத்த கிழமை நான் கொண்டுபோவதாக இருந்தது.

அந்தக் கிழமை பாதை பூட்டியது.

திறக்கும், திறக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நிவாரண லொறிகள் மட்டும் இராணுவச் சோதனைக்குப் பிறகு உள்ளே போய்வந்தன. பற்றரி, டோர்ச், கணினிச் சாமான் ஒன்றும் போகாது. நான் லொறிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் காத்திருந்து ஒரு சாரதியைப் பிடித்தேன். ஹற்றன் பக்கத்து மனிதர், மாவு ஏற்றிப் போகிறவர். இரண்டு டிஸ்க்கையும் காட்டி, விசயத்தை மறைக்காமல் சொன்னேன்.

அவர் ஒன்றை எடுத்துக் கையில் எடை பார்த்தார். "படமா அண்ணே இதுக்குள்ள?"

"ஒண்டும் இல்லை. வெறும் டிஸ்க். படம் அங்கால இருக்கு. அதைப் பிரதி எடுக்கத்தான்."

"மாவு மூட்டைக்குள்ள வைக்கிறது பெரிய வேலை இல்லண்ணே. நானும் கல்யாணப் படம் எடுத்தவன்தான். ஆனா புடிபட்டா என்னைய மட்டும் புடிக்க மாட்டாங்க. எனக்குப் பின்னாடி வர்ற லொறி எல்லாம் நிக்கும். உள்ளுக்கு இந்த மாவுக்குத்தான் வரிசையில நிக்கிறாங்க."

அவர் கையிலேயே விட்டு வற்புறுத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மனிதர் இரக்கமுள்ளவர், இன்னொரு தரம் கேட்டிருந்தால் வாங்கியிருப்பார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான் கேட்கவில்லை. டிஸ்க்கைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தேன். அவர் என் தேத்தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

சரியான முடிவு எடுத்தால் சரியாக முடியும் என்று யாராவது உங்களுக்குப் படிப்பித்திருந்தால் இந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று நான் எடுத்தது சரியான முடிவு. இன்றைக்கும் அதையேதான் எடுப்பேன். அதனால் ஒரு படம்கூடக் காப்பாற்றப்படவில்லை.

பிறகு எப்போதாவது யோகனின் தொலைபேசி வரும். ஒரு தரம் சொன்னார்: "அண்ணை, இப்ப கலியாணம் இல்லை. அடையாள அட்டைப் படமும் செத்தவீடும்தான். எடுக்கிற படத்தைப் பாக்கேக்க, இதில ஆரைத் திரும்ப எடுத்துக் குடுக்க வேண்டி வருமோ எண்டு யோசினை வருது."

இருக்கிற சீடிகளில் முகங்களை மட்டும் எழுதி வைக்கச் சொன்னேன். "செய்தனான். சீடி முடிஞ்சுபோச்சு. உள்ளுக்கு இனி வராது," என்றார். இணைப்பைப் பிரித்து ஒவ்வொன்றாக ஆக்க முடியாதா என்று கேட்டார். எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேறொரு டிஸ்க் இல்லாமல் முடியாது என்றேன். அந்த வேறொரு டிஸ்க் என் கண்ணுக்கு முன்னால் நானாவின் அலுமாரியில் இருந்தது. "சரி அண்ணை, பாதை திறக்கட்டும்," என்றார். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிக் குரல்.

மிச்சத்தை மலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சண்டை எல்லாம் முடிந்து, செட்டிகுளத்து முகாமில் இருந்து அவரை வெளியில் விட்டபோது மகளோடு நேரே நானாவின் கடைக்கு வந்தார். நானா எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது மலர் கதிரையில் இருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பொட்டலம், மெழுகு உருக்கி ஊற்றி ஒட்டியது.

"அண்ணை, கிளிநொச்சியில பெட்டியை விட்டிட்டம். இதை மட்டும் அவர் கழட்டிக்கொண்டு வந்தவர். உடையார்கட்டில சீடிப் பேணியை மண்ணுக்க தாட்டுப்போட்டு வந்தனாங்கள், திரும்பிப் போய் எடுக்கேல்லை. நகையை என்னட்டக் கொஞ்சம் அவரிட்டக் கொஞ்சமா பிரிச்சுக் கட்டினம். ஒராள் போனாலும் மற்றாளிட்ட இருக்குமெண்டு எல்லாரும் அப்பிடித்தான் செய்தவை. இதை மட்டும் பிரிக்க விடேல்லை. இது ரெண்டும் ஒண்டு, அண்ணை சொன்னவர் எண்டு சொல்லி, ரெண்டையும் ஒண்டாத்தான் இடுப்பில கட்டியிருந்தவர்."

யோகன் வலைஞர்மடத்தில் செல் குண்டு விழுந்து இறந்தார். மலர் அவருடைய இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தன்னுடைய இடுப்பில் கட்டிக்கொண்டார். கடைசி நாள், கடல்நீர் ஏரியால் சனத்தோடு சனமாக வரும்போது தண்ணீர் நெஞ்சுக்கு மேலே. மகள் தோளில். முடிச்சு அவிழ்ந்தது.

"ஒரு கைதான் இருந்தது. மற்றக் கை பிள்ளையைப் பிடிச்சிருந்தது. ஒண்டுதான் கையில அம்பிட்டுது."

அவர் பொட்டலத்தை மேசையில் வைத்தார். "ஒண்டிருந்தா அரைவாசியாவது வரும்தானே?"

நானா என்னைப் பார்க்காமல் வெளியே ரோட்டைப் பார்த்தார். வராது என்று அந்த நேரமே சொல்லியிருக்கலாம். மலருக்கும் அது தெரியும். அன்று முன்னறையில் இருந்து கேட்டவர்தானே. தெரிந்துகொண்டு கேட்கிறவருக்கு உடனே பதில் சொல்லக்கூடாது, பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டும். பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே காய்ந்திருந்தது. கணினியில் பூட்டியதும் டிஸ்க் சுத்தமாக எழும்பியது. இத்தனை நல்ல டிஸ்க்கை நான் என் காலத்தில் கண்டதில்லை.

அதிலிருந்து என்ன வந்தது என்று சொல்கிறேன். இந்த டிஸ்க்கில் தொடங்கிய படங்களின் முதல் துண்டு வந்தது. மேலிருந்து கொஞ்சம் தெரியும், பிறகு சாம்பல் நிறம். பந்தல் முகடு, சோடனை, தென்னோலை, வானம், சில இடங்களில் தலைமயிர். கமராவின் சின்னத் திரையில் காட்டுவதற்காக ஒவ்வொரு படத்துக்குள்ளும் நகத்தளவு படம் ஒன்று இருக்கும். அதுவும் சிலவற்றில் வந்தது. நகத்தளவில் முழுக் கலியாணமும் தெரியும். பெருப்பித்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

மலர் பக்கத்தில் இருந்து முகட்டைப் பார்த்தே சொன்னார். "இது மல்லாவி ரீச்சரின்ர மகள். இந்தச் சோடனை நாங்கள் குடுத்தது." "இது சாமத்தியவீடு, பிள்ளை பெரிசான நேரம். இந்தப் பிள்ளை இல்லை இப்ப." பிறகு இல்லாதவர்களைச் சொல்வதை நிறுத்திவிட்டு, இருப்பவர்களை மட்டும் சொன்னார்.

யோகன் ஒரு நகத்தளவுப் படத்தில் கிடைத்தார். மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்துகிற அறை, பின்னால் நிலைக்கண்ணாடி, கண்ணாடிக்குள் படம் எடுக்கிறவர். முகத்துக்கு முன்னால் கமரா. இரண்டு முழங்கை தெரிந்தது. மலர் பெருப்பிக்கச் சொன்னார், பெருப்பித்தேன். இன்னும் கொஞ்சம் என்றார். திரை முழுக்க மண்ணிறக் கட்டங்கள் ஆனபோது, "காணும் அண்ணை," என்றார்.

நானா அவருக்குக் கடையில் ஒரு மூலையில் மேசை போட்டுக் கொடுத்தார். மலர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்ததும் சனம் வரத் தொடங்கியது. நாங்கள் யாருக்கும் அறிவிக்கவில்லை. முகாமிலிருந்து வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அந்தப் பழைய சொல்லை: யோகனிட்ட இருக்கும். ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்வதுதான் அந்த மாதங்களில் எங்கள் தொழில். அதைப் படிப்பிக்கிற வகுப்பு எங்கும் இல்லை. மலர் செய்ததை மட்டும் சொல்கிறேன். தேடிப் பார்க்காமல் அவர் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. தேடிய பிறகு ஒருவருக்கும் பார்ப்போம் என்று சொன்னதும் இல்லை.

வற்றாப்பளையிலிருந்து ஒரு தாய் வந்தார். மகனுக்கு ஆண்டு திவசம் வருகிறது, விளக்கு வைக்க ஒரு படம் இல்லை. அடையாள அட்டைக்கு யோகனிடம் எடுத்தது என்றார். மலருக்கு நினைவிருந்தது. தேடி எடுத்தார். திருத்திச் சேமித்த படம் என்பதால் நகத்தளவுப் படம்கூட உள்ளே இல்லை. முதல் துண்டு மட்டும் இருந்தது. எண்ணெய் வைத்து வாரிய தலைமயிர், நெற்றி, புருவம் தொடங்குகிற இடம். அதற்குக் கீழே சாம்பல்.

மலர் திரையை அவருக்குத் திருப்பலாமா என்று என்னைப் பார்த்தார். பிறகு அவரே திருப்பினார்.

அந்த அம்மா கிட்ட வந்து குனிந்து பார்த்தார். நெற்றியில் வலது பக்கம் ஒரு தழும்பு இருந்தது. "கிணத்துக்கட்டில விழுந்தவன்," என்றார். "இவன்தான்." பிறகு, "இதை அடிச்சுத் தாங்கோ பிள்ளை," என்றார்.

மலர் சாம்பலை வெட்டிவிட்டு நெற்றியை மட்டும் பெரிதாக்கி அச்சடித்தார். நல்ல கடதாசியில், நிறம் திருத்தி, மற்றவர்களுக்கு முழுப்படம் செய்வதுபோலவே கவனமாகச் செய்தார். நானா காசு வாங்கவில்லை. அந்த அம்மா படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழும்பினார். வாசலில் நின்று திரும்பி என்னிடம் கேட்டார்.

"தம்பி, மிச்சம் எப்ப வரும்?"

நான் வாயைத் திறக்குமுன் மலர் சொன்னார். "வராது அம்மா."

அவர் தலையை ஆட்டினார். ரோட்டில் புழுதி பறந்தது. சேலைத் தலைப்பால் படத்தை மூடிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.